காயாத மீன்கொத்தி

“இதையெல்லாம் யாரு பார்க்கப் போறாங்கன்னு இப்படி உட்கார்ந்து அடுக்குறீங்க அண்ணி?” என்று நாத்தனார் ஒருமுறை அவளிடம் கேட்டாள்.

கேலியாகத்தான் கேட்டாள். ஆனாலும் அவள் தபால்தலை ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பதில் இல்லாத கேள்விகளுக்கெல்லாம் அவளுக்கு அடுப்படிதான் ஒதுங்குமிடம்.

இந்த வருஷம்தான் ஒரு பதில் கிடைக்கும்போல் இருந்தது. சேகரிப்பாளர் சங்கம் நூலக மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறது. நாணயக்காரர்களும் தீப்பெட்டிப் படக்காரர்களும் நிறைந்த அந்தக் கூட்டத்தில் அவளுக்கும் ஒரு கண்ணாடிச் சட்டம் தருவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை. “வரிசை முழுசா இருக்கணும்மா. பல்லு போன வாயால சிரிக்கிற மாதிரி இருக்கக் கூடாது,” என்றார் செயலாளர்.

பன்னிரண்டு பறவைகள் கொண்ட பழைய வரிசை அவளுடையது. பதினொன்று கைவசம் இருந்தன. பன்னிரண்டாவதான நீல மீன்கொத்தி பல வருஷமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை மூலை கிழிந்து வந்தது. ஒருமுறை போலியாக வந்தது. இன்னொரு முறை, அவள் தபால்தலைக் கடையின் படி ஏறும்போது யாரோ ஒருவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். கண்காட்சிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஆல்பத்தின் அந்தக் கட்டம் மட்டும் வெள்ளையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பழைய சாமான் கடைக்காரர் கூப்பிட்டார். ஒரு வீட்டைக் காலி செய்கிறாராம், காகிதம் நிறையக் கிடக்கிறதாம், வந்து பொறுக்கிக்கொள்ளலாமாம்.

தெருக்கோடியில் இருந்தது அந்த வீடு. வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. உள்ளே காலெடுத்து வைத்ததும் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருந்தது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. நனைந்த காகிதமும் பழைய பசையும் கலந்த ஒரு வாடை சுவர்களிலிருந்து கசிந்தது.

கதவோரம் ஒரு சின்ன மேசை. அதன்மேல் ஓர் உறை. பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கூழாங்கல்.

கல்லுக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு சிறகு தெரிந்தது.

அவள் பைக்குள் கைவிட்டு லென்ஸை எடுத்தாள். மீன்கொத்திதான். தபால்தலை ஓரத்தில் துளையிட்டுக் கிழித்த பற்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை. நிறம் மங்கவில்லை. தபால் முத்திரையும் விழவில்லை.

“இது போடாத தபால் மாதிரி இருக்கே?” என்றாள்.

“ஆமா. அந்தம்மா தனியா இருந்தாங்க. எழுதி ஒட்டி வச்சிருக்காங்க. தபால்பெட்டி வரைக்கும் நடக்க முடியல போல. இந்த நாற்காலியிலதான் போய்ச் சேர்ந்தாங்களாம்.” கடைக்காரர் காலால் அந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். “நானே பெட்டியில போட்டுடலாம்னு நினைச்சேன். வேலையில மறந்துபோச்சு. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கங்க.”

போட்டுவிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. போட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

வீட்டில் வெதுவெதுப்பான நீரைத் தட்டில் ஊற்றினாள். தபால்தலை ஒட்டிய மூலையை மட்டும் உறையிலிருந்து வெட்டி மிதக்க விடுவதுதான் வழக்கம். ஆனால் தபால்தலை சாய்ந்து, முகவரி எழுத்துகளை உரசிக்கொண்டு ஒட்டியிருந்தது. கத்தரி பட்டுப் பல் போய்விடுமோ என்ற பயத்தில் முழு உறையையும் நீரில் இறக்கினாள். மை கரைந்து தட்டெல்லாம் ஊதாவானது. மீன்கொத்தி மெல்லப் பிரிந்து மேலே வந்தது. கூழாகிப்போன உறையையும் அதற்குள் இருந்த கடிதத்தையும் பிழிந்து குப்பையில் போட்டாள்.

தபால்தலையை மை ஒற்றும் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே நான்கு தடிமனான புத்தகங்களை அடுக்கினாள். ஒரு நாளில் காய்ந்துவிடும்.

காயவில்லை.

தாளை மாற்றினாள். மறுநாளும் ஈரம். சன்னலோர வெயிலில் வைத்தாள். மின்விசிறிக்குக் கீழே வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கு அருகே, மூச்சைப் பிடித்துக்கொண்டு காட்டினாள். காட்டும் வரைக்கும் காய்ந்தது. இடுக்கியால் எடுத்து ஆல்பத்தின் வெள்ளைக் கட்டத்தில் வைத்தால் மறுபடி சொட்டியது. பக்கத்திலிருந்த கொக்கின் காலெல்லாம் ஈரம் ஏறியது.

“சனியனே, காய்ஞ்சு தொலையேன்!” என்று கத்தினாள். கணவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். கேட்க ஆள் இல்லை.

மேசைக்கு எதிரே இருந்த நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் நிமிர்ந்தாள். பட்டப்பகல். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அந்த வீட்டின் வாடை அங்கே இருந்தது.

“யாருக்கு?”

நீருக்கடியிலிருந்து கேட்பதுபோல ஒரு கிசுகிசுப்பு.

அவள் இடுக்கியைக் கீழே போட்டாள்.

“யாருக்கு எழுதினேன்? நீ பார்த்தியே. சொல்லு.”

அன்று மாலையே கடைக்காரரிடம் ஓடினாள். அவர் ஒரு பித்தளை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த உறைமேல என்ன பேரு இருந்துச்சு?”

“எனக்கெப்படிம்மா தெரியும்? நான் சாமானைப் பார்க்கிற ஆளு. நீங்கதானே கால்மணி நேரம் லென்ஸ் வச்சுப் பார்த்தீங்க!”

உண்மைதான். பக்கவாட்டில் எத்தனை பல், அடியில் எத்தனை பல் என்று இப்போது கேட்டாலும் சொல்வாள். அலகுக்குக் கீழே மயிரிழை போல ஓடும் கறுப்புக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். பேரைப் பார்க்கவில்லை. அது ஆண் பேரா, பெண் பேரா, முகவரி மூன்று வரியா, நான்கு வரியா, ஒன்றும் தெரியவில்லை. அவள் பார்வை நீலத்தைத் தாண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

தபால்தலையைத் தூக்கி எறிந்திருக்கலாம். மனசு வரவில்லை. சனிக்கிழமை கண்காட்சி.

புது உறை ஒன்றை வாங்கினாள். ஈர மீன்கொத்தியை அதன்மேல் வைத்தாள். பசையே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. தொலைபேசிப் புத்தகத்தைப் பிரித்து, கண்ணில் பட்ட பேரை எழுதினாள். பேர் சரியாக அமைந்துவிட்டால் அது திருப்தியாகப் போய்விடும், தபால்தலையும் காய்ந்துவிடும் என்று ஒரு கணக்கு.

எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கலங்கி வழிந்தன. உறை மறுபடி வெள்ளையானது.

“இல்ல,” என்றது எதிர் நாற்காலி.

இன்னொரு பேர்.

“இல்ல.”

இரண்டு நாளில் அறுபத்திரண்டு பேர் எழுதிவிட்டாள். விரல் வீங்கியது. ஒவ்வொரு ‘இல்ல’வுக்கும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திட்டினாள், கெஞ்சினாள். அதற்குக் கோபமே வரவில்லை. அடுத்த பேருக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. அந்தப் பொறுமைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை மதியம் நாத்தனார் வந்தாள்.

“என்ன அண்ணி, கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் எழுதுறீங்களா? யாருக்குக் கல்யாணம்? எனக்குச் சொல்லவே இல்லையே!”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணன் வரட்டும், முதல்ல உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றேன்,” என்றாள். அவள் அறுபத்து மூன்றாவது பேரை எழுதிக் காட்டினாள். மை கலங்கி, வழிந்து, மறைந்தது.

நாத்தனார் சிரிப்பை நிறுத்தினாள். ஆனால் வாய் நிற்கவில்லை. “ஊர்ல இருக்கிறவன் பேரையெல்லாம் எழுதுறீங்க, உங்க பேரை எழுதிப் பார்த்தீங்களா? வந்தா நாமளே வாங்கிப்போம்!”

பயத்தை மறைக்கத்தான் அப்படிச் சொன்னாள். அண்ணிக்கோ சலிப்பு தலைக்கேறியிருந்தது. பேனா முனை உறையைக் கீறும்படி அழுத்தி, தன் பேரையும் இந்த வீட்டு முகவரியையும் எழுதினாள்.

மை காய்ந்தது.

எதிர் நாற்காலி பின்னால் நகர்ந்தது, யாரோ எழுந்துகொள்வதுபோல. வாடை விலகியது.

மீன்கொத்தி முதல்முறையாக வறண்டு பளபளத்தது. அவள் கை தானாக இடுக்கிக்குப் போனது. உரித்துப் பார்த்தாள், அசையவில்லை. வெந்நீரில் போட்டாள், நீர் உருண்டு ஓடியது, காகிதம் நனையவே இல்லை. இத்தனை நாள் காயாமல் உயிரை வாங்கியது, இப்போது நனையாமல் வாங்குகிறது! தட்டை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

“போதும் அண்ணி. கண்காட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். தொலையட்டும்,” என்று நாத்தனார் உறையைப் பிடுங்கிக்கொண்டாள். போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டாள். வெற்று உறை. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பதினொன்றுதான் இருக்கிறது என்று அவள் செயலாளரிடம் சொல்லிவிட்டாள். “அப்போ அடுத்த வருஷம் பார்ப்போம்மா,” என்றார் அவர். அவளுடைய சட்டத்தில் தீப்பெட்டிப் படங்கள் ஏறின. சனிக்கிழமை முழுக்க அவள் ஆல்பத்தைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கதவிடுக்கு வழியாக உறை வந்து விழுந்தது. மீன்கொத்தியின் கழுத்தின் குறுக்கே முத்திரை. அவளுக்குத் துணையாக வந்திருந்த நாத்தனார்தான் அதை எடுத்தாள்.

“கனமா இருக்கே அண்ணி. வெறும் உறையத்தானே போட்டேன்?”

உள்ளே மூன்று தாள்கள் இருந்தன. ஊதா மை. ஓரங்கள் ஈரம். நாத்தனார் சத்தமாகப் படித்தாள்.

“‘யாருக்கு எழுதினேன் என்பதே மறந்துபோயிருந்தது. உன் பெயரைப் பார்த்ததும்தான் நிம்மதி. அங்கே தனியாக இருந்து அலுத்துவிட்டது. நீ உட்காரும் மேசை எனக்குப் பிடித்திருக்கிறது. எதிர் நாற்காலி எனக்குப் போதும். வந்துவிட்டேன்...’”

மூன்றாம் தாளைப் புரட்டியவள் சட்டென்று நிறுத்தினாள். அண்ணி எட்டிப் பார்த்தாள்.

தாளில் பாதி வரிதான் இருந்தது. அதன் முனையில் மை ஈரமாக மின்னியது.

வரி நகர்ந்துகொண்டிருந்தது.

ஓர் எழுத்து. அடுத்த எழுத்து. அவசரமே இல்லாமல், வயதான கை எழுதுவதுபோல.

‘உன் பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறவள்’

கொஞ்சம் இடம் விட்டது. யோசிப்பதுபோல.

‘யார்?’

நாத்தனார் தாளை மேசைமேல் வைத்தாள். எதிர் நாற்காலியைப் பார்க்காமல் சுவரோரமாகவே நடந்து கதவருகே போனாள். அண்ணியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ‘என் பேரைச் சொல்லிடாதீங்க’ என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.