செத்த தண்ணி

1994. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. மலாய்க் கரையில், பாயான் லெப்பாஸ் ஊருக்கு எதிரே இருக்கும் சிறிய தீவின் குடாவில், விநாசித்தம்பியின் மீன் வளர்ப்புக் கூண்டுகளில் சியாக்காப் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கிடைத்ததையெல்லாம் மீனில் போட்டிருந்தார். கூண்டுப் பலகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

இன்ஸ்பெக்டர் பத்மாவதி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"யார் மேல சந்தேகம், அங்கிள்?"

"சித்தி ஹாஜரா. இங்க மீனுக்குத் தீனி போட்டவ. போன மாசம் வேலைய விட்டு நிறுத்திட்டேன். நேத்து சாயங்காலம் சம்பான் படகுல வந்து, 'நாளைக்குச் செத்த தண்ணி, பாத்துக்குங்க'ன்னு சொன்னா. போன்னு விரட்டிட்டேன். காலையில இப்படி."

போலீஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மத்தியானத்துக்குள் ஹாஜரா லாக்கப்பில் இருந்தாள்.

"அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன், மேடம்."

"தண்ணி சாகும்னு எப்படித் தெரியும்?"

"தீவுல எல்லாருக்கும் தெரியும் லா."

"அப்ப எல்லாரும் சேர்ந்து விஷம் போட்டீங்களா?"

ஹாஜரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். குத்தலாக ஒரு கேள்வி கேட்டுவிட்ட திருப்தியில் பத்மாவதி கெலுகோரில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது, காலையில் பார்த்த இரண்டு காட்சிகள் உறுத்தின. அதே கூண்டில், தண்ணீரின் மேல்மட்டத்தில் கட்டியிருந்த சின்ன வலையில் மீன் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. கரையில் நண்டுகள் சேற்றை விட்டு, அலையாத்தி வேர்களில் ஏறி உட்கார்ந்திருந்தன.

மறுநாள், தண்ணீரில் வேறு என்ன கலந்தது என்று பார்க்க மறுபடியும் தீவுக்குப் போனாள். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கி பாட்டிலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது. மேனேஜர் முத்துவீரப்பன் ஜில்லென்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

"விஷமா? நாங்க நல்ல தண்ணிய எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கடலுக்கே குடுத்துடுறோம். உப்புத் தண்ணிதான், மேடம். கடலுக்கு உப்பு புதுசா?"

"மிச்சம் எங்க போகுது?"

"குழாய் வழியா ஆழக் கடலுக்கு."

திரும்பும்போது குடாவின் நடுவில் படகுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார். படகு இருந்த இடத்திலேயே நின்றது.

"தண்ணி இழுக்கவே இல்லையே, பாக் சிக்?" என்று அந்தப் பெரியவரை மலாயில் கேட்டாள்.

"ஆயர் மாத்தி, புவான்."

பத்மாவதி அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பாதி நிலா நாட்களில் கடல் அதிகம் ஏறாது, இறங்காது, நீரோட்டமும் இருக்காது. அதற்கு மலாய் மீனவர்கள் வைத்த பெயர் அது. ஆயர் என்றால் தண்ணீர். மாத்தி என்றால் செத்தது. ஹாஜரா அதை அப்படியே தமிழில் சொல்லியிருக்கிறாள். ஆபீஸில் நாள் முழுக்க மலாய் பேசும் பத்மாவதிக்குத் தமிழுக்குள் இருந்த மலாய் காதில் விழவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"கரையோரமா விடுங்க."

அலையாத்திக்குப் பின்னால், குடாவைப் பார்த்தபடி ஒரு குழாயின் வாய் தெரிந்தது. அதைச் சுற்றிப் பாறையில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

விநாசித்தம்பியையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனாள்.

"படகிலேர்ந்து விஷம் ஊத்தியிருந்தா மேல இருந்த குஞ்சுதான் முதல்ல செத்திருக்கும். குஞ்சு உயிரோட இருக்கு, அடியில இருந்த மீன்தான் செத்துச்சு. நண்டும் அடியை விட்டு ஓடியிருக்கு. நீங்க விடுற மிச்சத் தண்ணியில கடலை விட உப்பு ஜாஸ்தி. கனம். அடியில போய்ப் படுத்துக்கும். ஓட்டம் இருக்கிற நாள்ல கடல் அதை இழுத்துட்டுப் போயிடும். திங்கக்கிழமை ராத்திரி ஓட்டம் இல்ல. ஆழக் கடலுக்குப் போற பெரிய குழாய் எப்ப உடைஞ்சுச்சு, முத்துவீரப்பன்?"

முத்துவீரப்பன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போன வாரம். மெஷினை நிறுத்தினா என் வேலை போயிடும். உப்புதானே, என்ன ஆகப்போகுதுன்னு குடாவுக்குத் திருப்பி விட்டேன்."

விநாசித்தம்பி பத்மாவதி பக்கம் திரும்பினார். "அந்தப் பொம்பளைய நான் முழுசாப் பேச விடல," என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் லாக்கப்பைத் திறந்தபோது பத்மாவதிக்கு ஹாஜராவின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க, அக்கா. அவர்கிட்ட என்ன சொல்ல வந்தீங்க?"

"நண்டு மேல ஏறுது, கூண்டைக் குடாவுக்கு வெளிய இழுத்துக் கட்டுங்கன்னு. பாதியிலயே போன்னுட்டார். நீங்களும்தான்."

பத்மாவதி மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தீவிலிருந்து வந்த அதே பாட்டில். ஹாஜரா அதைத் திருப்பிப் பார்த்தாள். தாகம், குடித்தாள்.

"இனிமே தண்ணி எப்படி இருக்குன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், மேடம்," என்றாள்.

பாட்டிலை மூடி மேசையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.