பக்கத்து சீட்டின் காலடி

வண்டி வாங்கிப் பதினொரு நாள். அதற்குள் மூன்று முறை பானெட் தானாகத் திறந்துகொண்டது.

முழுதாக இல்லை. தக் என்று ஒரு சத்தம். முன் தகடு ஒரு விரல் உயரம் எழும்பும். இரண்டாவது கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்று முறையும் வேகம் எண்பதைத் தொட்டபோதுதான்.

மதியம் இரண்டு மணிக்குப் பிக்கப்பை அக்சசரீஸ் கடை வாசலில் நிறுத்தினேன். போன வாரம் இங்கேதான் ரப்பர் மேட்டும், ஏறி இறங்கப் படியும், பின்பெட்டிக்கு மூடியும் போட்டேன். இன்று பின் சீட்டில் குழந்தை இருக்கை பொருத்த வேண்டும். ஐந்து மணிக்கு என் மகளைக் கூட்டி வர வேண்டும். அவளுக்கு நான்கு வயது. அவள் அம்மா இறந்து எட்டு மாதம். அன்றிலிருந்து தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள்.

“நல்ல வண்டியா வாங்கு மாப்பிள்ளை. அப்புறம் கூட்டிட்டுப் போ,” என்றிருந்தார் மச்சான்.

கடை ஃபிட்டரிடம் பானெட் விஷயத்தையும் சொன்னேன். அவர் பேசிக்கொண்டே வேலை செய்பவர். பானெட்டை ஒரு அடி உயரத்திலிருந்து விட்டார். மூடிக்கொண்டது. பத்து முறை விட்டார். பத்து முறையும் மூடிக்கொண்டது.

“கொக்கியைக் குறை சொல்ல முடியாது சார். என் வாயைவிட நல்லா மூடுது.”

இந்த வண்டியில் பானெட்டைத் திறக்கும் லீவர் ஓட்டுபவர் பக்கம் இல்லை. பக்கத்து சீட்டின் காலடியில், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது. அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலைகீழாக நுழைந்தார்.

“அட, நம்ம மேட்தான் சார். ஓரம் லீவருக்கு அடியில மாட்டியிருக்கு. உட்கார்றவங்க காலை முன்னாடி அழுத்தினா, மேட் நகர்ந்து லீவரைத் தூக்கிடுது. இங்க பாருங்க, குதிகால் பள்ளமே விழுந்திருக்கு.” தலையை வெளியே எடுத்துச் சிரித்தார். “நீங்க ஓட்டறது வீட்டுல அவங்களுக்குப் பயமோ? என் மாமியாரும் இப்படித்தான். இல்லாத பிரேக்கை மிதிப்பாங்க.”

“அந்த சீட்ல யாரும் உட்காரல,” என்றேன்.

“அப்போ மேட் தானா நடந்துச்சா?”

மேட்டைச் சுருட்டி எடுத்து வெளியே போட்டார். கீழே வெறும் கார்ப்பெட்.

என் மனைவியும் இல்லாத பிரேக்கை மிதிப்பாள். பயணத்தில் குமட்டும் என்று ஆரஞ்சுத் தோலை மூக்கருகே பிடித்திருப்பாள். வேகம் கூடினால் கால் தானாக முன்னால் போகும். “உன் பக்கம் பிரேக் இல்லைம்மா,” என்று கிண்டல் செய்வேன்.

கடைசி நாளும் கிண்டல் செய்தேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நான் பானெட்டைச் சரியாக மூடவில்லை. “ஆடுது, ஓரமா நிறுத்துங்க,” என்றாள். இரண்டு முறை. “அஞ்சு நிமிஷத்துல வீடு,” என்றேன். எண்பதில் போய்க்கொண்டிருந்தோம். பானெட் எழும்பிக் கண்ணாடியை மறைத்தது.

அவள் வலது கணுக்கால் நொறுங்கியிருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தரையை அவ்வளவு அழுத்தியிருக்கிறாள்.

பழைய வண்டி, கொக்கி உடைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். மச்சானிடமும்.

கடையிலிருந்து புறவழிச்சாலைக்கு வந்தேன். சாலை காலியாக இருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. உள்ளே புது பிளாஸ்டிக் வாசனை. சோதித்துவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினேன்.

அறுபது. எழுபது.

பிளாஸ்டிக் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது.

ஆரஞ்சுத் தோல்.

கார்ப்பெட்டில் ஏதோ உரசியது. யாரோ காலை முன்னால் நகர்த்தும் சத்தம்.

எண்பது.

தக்.

ஓரமாக நிறுத்தினேன். குனிந்து பார்த்தேன். புதுக் கார்ப்பெட்டில் இரண்டு பள்ளங்கள். இடது ஆழமாக இருந்தது. வலது மேலோட்டமாக, சற்றே கோணலாக.

“நிறுத்திட்டேன்,” என்றேன் மெதுவாக.

வாசனை போகவில்லை.

இறங்கிப் பானெட்டை மூடினேன். மச்சான் வீடு வரை ஐம்பதைத் தாண்டவில்லை.

மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வண்டியைவிட அதன் படி அவளுக்குப் பிடித்திருந்தது. நான்கு முறை ஏறி இறங்கினாள். மச்சான் அவளைத் தூக்கிப் பின்னால் குழந்தை இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் போட்டார். கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“பானெட் ஏதோ தகராறுன்னியே மாப்பிள்ளை?”

“மேட்டால வந்தது மச்சான். எடுத்தாச்சு. அன்னைக்கு மாதிரி கொக்கி உடையற பிரச்சினை இல்ல.”

எஞ்சின் ஓடவில்லை. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. முன் சீட்டுகளில் யாரும் இல்லை.

தக்.

இருவரும் திரும்பினோம். பானெட் ஒரு விரல் உயரம் எழும்பி நின்றது.

பின் சீட்டில் மகள் பையிலிருந்து பொம்மையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கால் முன் சீட்டின் முதுகைக்கூட எட்டாது.

“மச்சான்,” என்றேன். “அன்னைக்கு கொக்கி உடையல. நான்தான் சரியா மூடல. நிறுத்தச் சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நான் நிறுத்தல.”

அவர் என்னைப் பார்க்காமல் பானெட்டை மூடிவிட்டு வந்து கையை நீட்டினார்.

“சாவியைக் குடு. இன்னைக்கு நான் ஓட்டறேன். புள்ளை வீட்டுக்குப் போறேன்னு ஆசையா கிளம்பியிருக்கு. அதுக்காக.”

மாப்பிள்ளை என்று சொல்லவில்லை.

நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பாதங்கள் அந்தப் பள்ளங்களில் போய்ப் பொருந்தின. கார்ப்பெட் ஈரமாக இருந்தது.

மச்சானின் கோபம் காலில் தெரிந்தது. அறுபது. எழுபது.

என் வலது பாதத்தின் மேல் இன்னொரு பாதம் வந்து அமர்ந்தது.

சில்லென்று. சற்றே கோணலாக.

அழுத்தியது.

“மச்சான், மெதுவா.”

“நீயா சொல்ற?”

எழுபத்தைந்து. கணுக்கால் எலும்பு நெரிந்தது.

“ரெண்டாவது தடவ சொல்றேன் மச்சான்.”

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். ஐம்பது. நாற்பது. பானெட் எழும்பவில்லை.

வீடு வந்தது. தூங்கிப்போயிருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மச்சான் உள்ளே போனார். ஹாலில் விளக்கு எரிந்தது. திரைச்சீலை வழியே அவர் நிழல் அவளைப் படுக்க வைப்பது தெரிந்தது.

நான் கதவைத் திறந்தேன். இடது காலை வெளியே வைத்தேன்.

வலது கால் வரவில்லை.

வண்டி நின்று பத்து நிமிடம் இருக்கும். என் பாதத்தின் மேல் இருந்த பாதம் இன்னும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.