வட்டத்துக்குள் மட்டும்

விளக்கு வைத்தபின் அந்த வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டுக் கடை முடிந்துவிடும். அப்படியிருக்க, கூடத்தில் ஐந்து வயது பாரதி எதையோ மென்றபடி நின்றிருந்தாள்.

"இன்னாடி வாயில?" என்றாள் அம்மா ஜினப்பிரியா.

குழந்தை நின்றது தரையில் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள். எதிரே சுவரில் சாய்த்திருந்த பலகையும் அதில் நெருக்கிப் பதித்த குட்டி ஸ்பீக்கர்களும் ஜினப்பிரியா வடிவமைத்தவை. செஞ்சிக்கோட்டை பார்க்க வருகிறவர்கள் குறிப்பிட்ட கல்லில் நின்றால் கோட்டைக் கதை காதோடு கேட்க வேண்டும், ஓரடி நகர்ந்தால் மூச்சுகூடக் கேட்கக்கூடாது. ஸ்பீக்கர்களை நொடியில் நூலிழை முன்பின்னாகப் பேசவைத்தால் சத்தம் டார்ச் வெளிச்சம்போல ஒரே இடத்தில் போய் விழும்; இங்கே அந்த இடம்தான் சாக்பீஸ் வட்டம். மாதக்கணக்கில் அதோடுதான் மல்லுக்கட்டு. சோதனைக்கு என்ன பேசுவதென்று தெரியாமல், மகளுக்கு ஊட்டும்போது சொல்வதையே அசட்டுத்தனமாகப் பதிந்து வைத்திருந்தாள்: "வா கண்ணு, ஆ காட்டு."

"நீதானம்மா ஊட்ற," என்றாள் பாரதி, பலகையைப் பார்த்தபடி.

ஜினப்பிரியா சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். பிளக்கை மத்தியானமே பிடுங்கியாகிவிட்டது. வயர் தரையில் சுருண்டு கிடந்தது. கணவர் சாந்திராஜ் மேல்சித்தாமூர் மடத்துக்குப் போயிருந்தார். மின்விசிறியின் முனகலும், தெருவில் அனந்தபுரம் பஸ் திரும்பும் இரைச்சலும், பகலெல்லாம் காய்ந்த பாறைமலை விடும் வெக்கையும், அத்தனைக்கும் நடுவே எங்கிருந்தோ சோறு ஊசிப்போன வாடையும்தான் கூடத்தில் இருந்தன. வேறு குரல் இல்லை. வட்டத்துக்கு வெளியே நிற்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்? அப்படித்தானே செய்து வைத்திருக்கிறாள்.

கேட்க வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். குழந்தையின் உயரத்துக்குக் குனிய வேண்டும்.

குனிந்தாள்.

"இன்னும் ஒரே வாய் கண்ணு. ஆ காட்டு."

அவள் குரல்தான். அவள் பதியாத வார்த்தைகள்.

பாரதி வாயைத் திறந்தாள். எதிரே யாருமில்லை. கன்னம் மட்டும் உப்பியது.

"துப்புடி! துப்பிடு செல்லம்!"

குழந்தையை வாரி வெளியே இழுத்தாள். குரல் அறுந்தது. மெல்லுவது நிற்கவில்லை. பெற்ற பிள்ளையின் வாயைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தாடையை அழுத்திப் பிடித்து, உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்க விரலை விட்டாள்.

பல். நாக்கு. எச்சில். சில்லென்று ஏதோ.

உள்ளேயிருந்து இன்னொரு விரல் வந்து, அவள் விரலைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டது.