நாற்பது டியூப் ரத்தம்

"மூணாவது கொட்டகையத் திறங்க."

கேட்கவே கூடாது என்று சொல்லி வைத்திருந்ததைத்தான் அவள் முதல் வார்த்தையாகக் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே கால்நடை லேப் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பண்ணைக்காரர்களிடம் ஆட்டைக் காட்டச் சொல்லாதே, வருகிற டியூபுக்கு ரிசல்ட் கொடு, கையெழுத்தைப் போடு. இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நேற்றுதான் உறுத்தியது. இந்தப் பண்ணையிலிருந்து வந்த நாற்பது டியூபிலும் நோயில்லை. மற்ற பண்ணைகளில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆடாவது மூட்டுவீக்க வைரஸோடு இருக்கும். நல்ல பண்ணை போலிருக்கிறது என்று விட்டிருக்கலாம். ஆனால் நாற்பது ஆட்டின் ரத்தம் நாற்பது விதமாக இருக்க வேண்டாமா? இவையோ உரித்து வைத்தாற்போல் ஒன்றாக இருந்தன.

பண்ணை மேனேஜர் சிரித்தார். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் லேபில் அவருக்குச் சிரிப்பு மேனேஜர் என்றே பெயர். நாளைக் காலையில் குட்டிகளை லாரியில் ஏற்றணும், சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட வந்த பொண்ணு கொட்டகை பார்க்கணும்கிறதே என்று டாக்டருக்குப் போன் போட்டார். அவள் காத்திருக்கவில்லை. அரசுத் திட்டத்தில் குட்டிகள் போய்ச்சேரும் வீடுகளின் பட்டியலில் மூன்றாவது பெயர் அவள் அம்மாவுடையது. இருந்த ஆடுகளை ஒவ்வொன்றாக விற்று அவளைப் படிக்கவைத்தவள், இரண்டு குட்டி வரப்போகிறதென்று போன வாரமே கூரை மாற்றி வைத்திருக்கிறாள்.

முதல் கொட்டகையில் குட்டிகள் ஓர் அண்டாவைச் சுற்றி முட்டி மோதி, அதில் செருகிய ரப்பர் காம்புகளை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

"எல்லாத் தாயோட பாலையும் ஒண்ணா ஊத்திடுவோம். ஒரு குட்டியும் பட்டினி கிடக்காது," என்றார் பின்னாலேயே வந்த மேனேஜர், பெருமையாக.

அவள் அண்டாவையே பார்த்தாள். ஒரு தாய்க்கு வைரஸ் இருந்தால் போதும், அண்டாவில் வாய் வைத்த அத்தனைக்கும் போகும். வருடக்கணக்கில் வெளியே தெரியாது. துள்ளும், மேயும். பிறகு ஒருநாள் முட்டி மடங்கும். மருந்து கிடையாது.

பட்டப்பகல். தகரக் கூரை வெயிலில் விட்டுவிட்டுச் சடசடத்தது. மூத்திர நெடியும் புளித்த பால் வாடையும் அவற்றின் மேல் தெளித்த பினாயிலும் சேர்ந்து தொண்டையில் படலமாக ஒட்ட, மூன்றாவது கொட்டகையின் சுவருக்கு அந்தப் பக்கம் ஈரச் சாக்கைச் சிமெண்டில் இழுப்பதுபோல் ஏதோ சர்... சர்... என்று நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு ஆடுகூடக் கத்தவில்லை.

"நொண்டிங்கதாம்மா உள்ள. ஆனா பாலுக்குக் குறையில்ல."

தாழ் விலகியது. சத்தம் நின்றது.

இருட்டு. பிறகு கண்கள். எல்லாம் அவள் இடுப்புக்குக் கீழே.

ஆடுகள் நிற்கவில்லை. முன்னங்கால் முட்டிகள் தேங்காய் கனத்துக்கு வீங்கி, அத்தனையும் மண்டியிட்டிருந்தன. மேனேஜரின் கால் பட்டுப் பால்வாளி கணீரென்றது.

சர்.

முட்டியாலேயே வந்தன. எல்லாம். அவளை நோக்கி.

நடுவில் ஒன்று மட்டும் நான்கு காலில் நின்றது. வாட்டசாட்டமான ஆடு. கழுத்தின் இரண்டு பக்கமும் தோல் தெரிய மழித்திருந்தது. ஊசித் தழும்புகள். தழும்பின் மேல் தழும்பு. நாற்பது டியூபும் இந்த ஒரு கழுத்திலிருந்து. அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அது தானாக நடந்து வந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்தது. கழுத்தை நீட்டியது.

காத்திருந்தது.

"பழகிடுச்சு," என்று சிரித்தார் மேனேஜர். "உன் அம்மா பேரு பட்டியல்ல இருக்குல்ல? நல்ல குட்டியாப் பார்த்து நானே எடுத்து வைக்கிறேன். போய்க் கையெழுத்தப் போடு."

பையைத் திறந்து, அவளும் மண்டியிட்டாள். ஆட்டுக்கு ஒரு ஊசியாக மாற்றி மாற்றிப் பன்னிரண்டு டியூப் எடுத்தாள். நின்றதைத் தொடவில்லை. அது கடைசிவரை கழுத்தை இறக்கவேயில்லை.

வெளியே வந்தபோது மேனேஜரின் சிரிப்பு நின்றிருந்தது. டியூப்களின் சூடு இடுப்பில் உறைத்தது. வேலை போகும். போகட்டும். பேனா மூடியைப் பல்லால் கழற்றி, நடந்துகொண்டே சர்டிபிகேட்டின் குறுக்கே எழுதினாள்: நோய் உண்டு.

முதல் கொட்டகையில் அண்டா காலி. குட்டிகளின் சத்தமே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

அத்தனை குட்டிகளும் முட்டி மடக்கியிருந்தன. கழுத்தை நீட்டியபடி.

அவள் நிற்காமல் கேட்டைத் தாண்டினாள். பின்னால், வெயிலில், சர்.