கல் வைக்கிறவள்

ஐந்து மணிக்கு எழுந்தான். முகம் கழுவினான். ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் கொதிக்க வைத்தான். பள்ளிக்கூடப் பையோடு வெளியே வந்தபோது காரின் பின்சில்லுக்கு அடியில் கல் இருந்தது.

கீர்த்திகன் அதை நாற்பது நாளுக்கு முன்பே ஓடையில் வீசியிருந்தான். மனைவி மதுஷாவின் செத்தவீட்டுக்கு மறுநாள். அன்றிலிருந்து கார் சுவரோடு முட்டியபடி நிற்கிறது.

பக்கத்து லயத்து வீட்டு அழகம்மாவிடம், கல்லை வைத்தது அவளா என்று கேட்டான்.

"நான் அந்தக் கார் கிட்டயே போறதில்லீங்க சார்," என்றாள்.

மண்சரிவால், பள்ளிக்கூடம் இருக்கும் றக்வானப் பக்கம் பஸ் இல்லை. கல்லை வாசலில் தள்ளிவிட்டுக் காரில் ஏறினான்.

பழைய கார். எந்தக் கம்பெனி என்று மெக்கானிக்குக்கும் தெரியாது. மதுஷாதான் சரித்திரம் கட்டினாள்: தேயிலைப் பெட்டித் தகரத்தில் கார் செய்த ஒரு துரை, மொத்தம் பதினொரு கார், ஹாரனுக்குப் பதில் ஒரு தாரா வாத்து. ஹேண்ட் பிரேக் பூட்ட மறந்தானாம். அதனால் ஒவ்வொரு காரோடும் கல் வைக்க ஒருத்தியையும் சேர்த்தே விற்றானாம். கார் உள்ளவரை அவளும் இருப்பாளாம். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே மதுஷா இறங்கிப்போய்க் கல் வைப்பாள்.

கார் பின்னால் உருண்டு அவள்மேல் ஏறிய அன்று, வைத்துவிட்டேன் என்று அவள் சொன்ன பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுத்ததாக அவன் எல்லோரிடமும் சொன்னான். அவளுடைய அப்பா விசுவலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். விழுந்த போனை எடுக்கக் குனிந்ததை அவன் சொல்லவில்லை.

இரண்டாம் வளைவில் மூடுபனி கண்ணாடியை மூட, ஈரத் தேயிலை வாசத்தோடு கிளட்ச் கருகும் நாற்றமும் ஏற, மேலிருந்து ஒரு லொறி உறுமிக்கொண்டே இறங்கியது. அவன் பிரேக்கை மிதித்தான். லொறி போனது. எஞ்சின் நின்றது.

இடப்பக்கக் கதவு திறந்தது.

மூடியது.

சரளையில் செருப்புச் சத்தம். பின்பக்கமாக.

பக்கக் கண்ணாடியில் ஒரு முதுகு. குனிந்தது. ஈரத் தலைமயிர். இரண்டு கைகளும் சில்லுக்கு அடியில் தடவின. வெறுங்கைகள். கல் வீட்டு வாசலில் கிடந்தது.

காலடியில் பிரேக் பெடல் மெல்ல உள்ளே போனது.

சீட்டிலிருந்த போன் வழுக்கிக் கீழே விழுந்தது. அடித்தது.

பின்னாலிருந்து அவள் சொன்னாள். அன்றும் அதையேதான் சொன்னாள்.

"இன்னும் கல்லு வைக்கேல்லையப்பா. காலை எடுத்துப் போடாதேங்கோ."