நீல வண்டியின் பதினோரு கோளாறுகள்

காலை ஒன்பது மணிக்கு நீல வண்டி மறுபடியும் செத்துப்போனது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல். டாஷ்போர்டில் மட்டும் எல்லா விளக்குகளும் எரிந்தன. பழைய இரும்பு வாங்குபவர் அதை எடுத்துப்போக பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வண்டிக்குச் சொந்தக்காரர்களான அண்ணன் தங்கையில், தங்கை கடைசி முயற்சியாக மீட்டரை வரவழைத்திருந்தாள். கார்களில் மின்வேலை பார்ப்பவர். சட்டைப்பையில் எப்போதும் மீட்டர் இருப்பதால் அதுவே பெயராகிவிட்டது. "அப்பா எங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன வண்டிண்ணே" என்றாள். அவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். அந்தக் கனத்த 'தொப்' சத்தம் அவருக்கும் பழக்கம். பிறந்து மூன்றே நாளான மகளை இப்படியொரு வண்டியில்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

9.20. ஸ்கேனரை மாட்டினார். பதினோரு பிழை எண்கள். கியர், பிரேக், வெப்பச் சென்சார் என்று ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை.

"மூணு மெக்கானிக் பாத்தாச்சு. வண்டியோட கம்ப்யூட்டரே போச்சுங்கறாங்க. புது பேட்டரியும் போட்டாச்சு" என்றாள் தங்கை.

"பதினோரு பேரு ஒரே நேரத்துல பொய் சொன்னா, சொல்லிக்கொடுத்தவன் ஒருத்தனாத்தாம்மா இருப்பான். எப்போலேருந்து இப்படி?"

"மூணு வாரமா."

"அதுக்கு முன்னாடி யாரு கை வச்சா?"

அவள் வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "நான் வெளியூர் போயிருந்தேன். சாவி அவன்கிட்டதான். நான் வந்ததுலேருந்து வித்துடலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

அண்ணனின் கடிகாரப் பட்டையில் நீலப் பொட்டு ஒன்று இருந்ததை மீட்டர் கவனித்தார்.

10.05. நாலாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. ஹெட்லைட்டைப் போட்டார். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குத் தாவியது. விளக்கை அணைத்தார். முள் இறங்கியது.

"தண்ணி ஒரு நொடியில கொதிச்சு, மறு நொடியில ஆறுமா?"

பானெட்டைத் தூக்கினார். உள்ளே எல்லாம் பழசு. பேட்டரிப் பக்கத் தகடு மட்டும் பளபளத்தது. தடித்த ஒயர் ஒன்றால் பேட்டரியின் நெகட்டிவையும் எஞ்சினையும் நேராக இணைத்துவிட்டு ஹெட்லைட்டைப் போட்டார். முள் அசையவில்லை.

எஞ்சினை அணைத்து, தகட்டில் எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் வெறும் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் நீலப் பெயிண்ட்.

"கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர்ற வழி இது. பெயிண்ட் வழியா அது சரியாப் போகாது, கொஞ்சம்தான் கசியும். வழி அடைச்சதும் எல்லாச் சென்சாரும் உளற ஆரம்பிச்சிருச்சு. அடிச்சது நீங்கதானே தம்பி?"

அண்ணன் தலைகுனிந்தான். "துரு அரிச்சிருந்துச்சு. அப்பா இருந்தா விட்டிருப்பாரா? சுரண்டி, பெயிண்ட் அடிச்சு, திரும்ப மாட்டினேன்."

"அப்புறம் ஏன்டா விக்கச் சொன்ன?" தங்கையின் குரல் உடைந்தது.

"நான் கை வச்சப்புறம்தானே இப்படி ஆச்சு. தினமும் அது திணறுறதைப் பார்க்க முடியல. உன்கிட்ட சொல்லவும் வாய் வரல."

அவள் போனை எடுத்து, இரும்புக்காரரை வர வேண்டாம் என்றாள்.

11.10. மீட்டர் பெயிண்டைச் சுரண்டி, போல்ட்டை முடுக்கி, பிழைகளை அழித்தார். சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்தது. ஒரு விளக்கும் எரியவில்லை.

அவர் கருவிகளைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணனும் தங்கையும் பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள்போல பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் பின்னாடி ஏறிட்டா, வண்டிய யாரு ஓட்டறது?"

இருவரும் இறங்குவதாக இல்லை. மீட்டர் கையைத் துடைத்துக்கொண்டு முன்கதவைத் திறந்தார்.