பாதித் தாளில் ஒரு புகார்

பகல் 12.40. பாறசாலைக்குப் பக்கத்து ஊரில், தங்கையன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து நான்காவது நாளாகப் பொரித்த மீன் களவு போயிற்று.

தங்கையன் ஓய்வு பெற்ற ஹெட் கான்ஸ்டபிள். பக்கவாதம் வந்து, காரக்கோணம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. போலீஸ் புத்தி மட்டும் படுக்கவே இல்லை. தன் கையாலேயே புகார் எழுதி ஸ்டேஷனுக்குக் கொடுத்தனுப்பினார். குற்றவாளி, அவரைப் பார்த்துக்கொள்ள வந்த புஷ்பபாய்.

1.15. எஸ்.ஐ. ஸ்ரீகலா வந்தபோது புஷ்பபாய் பையைக் கட்டி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். கள்ளி என்ற பெயரோடு போனால் இனி எந்த வீட்டில் வேலை கிடைக்கும்?

"மீன் வெச்சியா?"

"வெச்சேன் மேடம். இலை எடுக்கும்போ மீன் அப்படியே இருந்து. பூனைக்குப் போட்டேன்."

"கள்ளம்," என்றார் தங்கையன். "எனக்க கண்ணால பாத்தேன். இலையில மீனே இல்ல."

"நாப்பது வருசத்தில இவரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல," என்றார் மனைவி சத்யபாமா.

ஸ்ரீகலா தங்கையன் முகத்தைப் பார்த்தார். வலது கன்னம் வழவழவென்று இருந்தது. இடது கன்னத்தில் நாலு நாள் தாடி. புகாரை மறுபடி விரித்தார். எல்லா வரியும் தாளின் நடுவில்தான் தொடங்கியது.

"இன்னொரு இலை போடு. மீன் உண்டா?"

உண்டு. புஷ்பபாய் வழக்கம்போல நடுவில் சோறும் இடது ஓரத்தில் மீனும் வைத்தாள்.

"மீன் எங்க சாரே?"

"பாத்தியா மக்கா? உனக்க முன்னாலயே களவு."

சத்யபாமா வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்ரீகலா இலையை அரைவட்டம் திருப்பினார். மீன் வலப்பக்கம் வந்தது.

"இது எப்ப வந்து?"

"அங்கதான் இருந்து சாரே. கள்ளன் உங்க மூளைக்குள்ள. கண்ணுக்குக் கேடில்ல. பக்கவாதத்துக்குப் பெறகு மூளை இடப்பக்கத்தக் கவனிக்கல்ல. எனக்க மாமியாருக்கும் இப்படித்தான், பயிற்சியில கொறஞ்சு. இந்தப் புகாரப் பாருங்க, இடப்பாதி வெறுந்தாளாக்கும். நீங்களும் பொய் சொல்லல்ல, அவளும் சொல்லல்ல."

தங்கையன் தாடியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"புஷ்பபாய் எங்க? போயிட்டாளா?"

"இடப்பக்கம் திரும்புங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

கழுத்து மெல்ல மெல்லத் திரும்பியது. கையெட்டும் தூரத்தில் அவள் நின்றாள்.

"இங்கயா நின்ன மக்கா? எனக்க தப்பாக்கும். பைய அவுத்து வை. இந்த மீனில பாதி உனக்கு."

புஷ்பபாய் அழுதுகொண்டே சிரித்தாள். இந்த வழக்கில் நஷ்டம் பூனைக்கு மட்டும்தான்.